இயற்கை ஒலிகளிலிருந்து தாளம் எடுப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மிருதங்கம், கஞ்சிரா, தவில், பறை, கொன்னக்கோல் பயில்பவர்களும் பாட்டுக்குப் புது நடை தேடும் இசையமைப்பாளர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். அடிப்படைச் சொற்கட்டு (தகதிமி, தகிட போன்ற தாளச் சொற்கள்) தெரிந்தால் போதும். பக்கம் முழுவதும் ஓர் அட்சரத்துக்கு (தாளத்தின் ஓர் எண்ணிக்கைக்கு) 4 மாத்திரை (அதன் சிறு கூறு) என்றே கணக்கு வைத்திருக்கிறோம். அதன்படி எட்டு அட்சரம் கொண்ட ஆதி தாளம் ஓர் ஆவர்த்தனம், அதாவது ஒரு முழுச் சுற்று, 32 மாத்திரை. இரண்டு தட்டு, ஒரு வீச்சாகப் போடும் ரூபகம் 12 மாத்திரை.

இயற்கையில் உண்மையிலேயே தாளம் இருக்கிறதா?

தாளம் இல்லை, இடைவெளி இருக்கிறது. தாளம் என்றால் சமம் (சுற்றின் முதல் அடி) திரும்பத் திரும்ப வர வேண்டும், சுற்று இருக்க வேண்டும். பறவைக்கோ மழைக்கோ சமம் கிடையாது. ஒரு சத்தத்துக்கும் அடுத்த சத்தத்துக்கும் நடுவே எவ்வளவு நேரம் என்பதுதான் அங்கே கிடைக்கிறது. அந்த நேரத்தை அளந்து, எண்ணாக்கி, தாளத்துக்குள் உட்கார வைப்பது நம் வேலை. இதைப் புரிந்துகொள்ளாமல் போனால் குயில் மாதிரிக் கூவுவதோ அருவி மாதிரி இரைவதோதான் மிஞ்சும்.

காதில் விழுவது எந்த வகை என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். சில ஒலிகள் சீரான இடைவெளியில் வரும். சில போகப்போக வேகம் எடுக்கும். மழை போன்றவை எந்த ஒழுங்குக்கும் கட்டுப்படாது. இன்னும் சில, தனித்தனியே சீராக இருந்தும் சேர்ந்து கேட்கும்போது ஒன்றைவிட்டு ஒன்று விலகிப்போய் மறுபடி கூடும். ஒவ்வொன்றையும் கையாளும் முறை வேறு.

எதிலிருந்து தொடங்குவது நல்லது?

செம்மார்புக் குக்குறுவானிலிருந்து. சிட்டுக்குருவியைவிடச் சற்றுப் பெரிய பச்சைப் பறவை, நெற்றியும் மார்பும் சிவப்பு. ஆல், அரசு, அத்தி இருக்கும் எந்த ஊரிலும் இருக்கும், நகரத்திலும்தான். மரத்தின் மொட்டை உச்சிக் கிளையில் உட்கார்ந்து செம்புப் பாத்திரத்தைச் சுத்தியால் தட்டுவது போல ‘டுங்க் டுங்க்’ என்று ஒரே சுருதியில், ஒரே இடைவெளியில், நூறு தடவைக்கு மேல்கூட விடாமல் ஒலிக்கும். நிமிடத்துக்குச் சுமார் 108 முதல் 121 வரை. அலகைத் திறக்காமலே ஒலி எழுப்பும். ஒவ்வோர் ஒலிக்கும் தலையை ஆட்டுவதால் சத்தம் வேறு வேறு திசையிலிருந்து வருவது போலத் தோன்றும். பறவையைக் கண்ணால் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், காதே போதும்.

நிமிடத்துக்கு 110 என்று வைத்தால் ஒரு ஒலிக்கும் அடுத்ததுக்கும் 0.545 விநாடி. நல்ல மத்திம காலம். ஒவ்வோர் ஒலியையும் ஓர் அட்சரமாக எடுத்துக்கொண்டு ஆதி தாளம் போடுங்கள். எட்டு ஒலிக்கு ஓர் ஆவர்த்தனம், 4.4 விநாடிக்குச் சற்றுக் குறைவு. முதலில் தகதிமி. பிறகு அதே ஒலிக்குள் தகிட, பிறகு தகதகிட, கடைசியில் தகிடதகதிமி. மெட்ரோனோமிலும் இதைச் செய்யலாம்தான். ஆனால் பறவை சொல்லாமல் நிறுத்திவிடும். நிறுத்திய பிறகும் நீங்கள் அதே காலப்பிரமாணத்தில் (வேகத்தில்) தொடர்ந்து, அது மறுபடி தொடங்கும்போது எவ்வளவு விலகியிருக்கிறீர்கள் என்று பார்ப்பது காலப்பிரமாணத்துக்கு அருமையான சோதனை. ஒரு விஷயம் கவனம்: மறுபடி தொடங்கும்போது பறவை பழைய சமத்தோடு சேராது. சரிபார்க்க வேண்டியது வேகத்தை மட்டுமே.

இரண்டு பறவைகள் ஒரே சமயத்தில் வேறு வேறு வேகத்தில் ஒலித்தால்?

அதற்காகக் காத்திருங்கள் என்றுதான் சொல்வோம், அவ்வளவு நல்ல பாடம் அது. ஒன்று நிமிடத்துக்கு 110, இன்னொன்று 120 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது 11 முறை ஒலிக்க 6 விநாடி, இரண்டாவது 12 முறை ஒலிக்கவும் அதே 6 விநாடி. அதாவது 6 விநாடிக்கு ஒருமுறை இரண்டும் ஒரே கணத்தில் விழும். நடுவில் மெல்ல விலகி, சரியாக எதிர் எதிராக நின்று, மறுபடி நெருங்கும். இருவர் பயிற்சியாகச் செய்யும்போது 11-க்கு 12 கடினம். 5-க்கு 6-இல் தொடங்குங்கள்: ஒருவர் நிமிடத்துக்கு 100, மற்றவர் 120, கூடுவது 3 விநாடிக்கு ஒருமுறை. பொதுவாக என்ன கெடும் என்றால், வேகமானவர் தன்னையறியாமல் மெதுவானவரிடம் இழுபடுவார். ஒருவரை ஒருவர் பார்க்காமல் முதுகு காட்டி உட்கார்ந்தால் இது பாதி குறையும்.

கைபேசியிலேயே பதிவு செய்யலாமா?

தாராளமாக. அளப்பதற்குத் தேவை தெளிவான தொடக்கம் மட்டுமே, ஸ்டுடியோ தரம் அல்ல. ஆனால் கைபேசியோடு வரும் பதிவுச் செயலியை அப்படியே நம்ப வேண்டாம். அது மனிதக் குரலுக்காகச் செய்தது. சீராகத் தொடரும் ஒலியை இரைச்சல் என்று எண்ணி அழித்துவிடும். சில்வண்டும் சுவர்க்கோழியும் பதிவில் காணாமல் போவது இதனால்தான். இரைச்சல் குறைப்பையும் தானியங்கி ஒலிமட்டத்தையும் அணைக்க முடிகிற செயலியைப் பயன்படுத்துங்கள். கோப்பு வேவ் வடிவில், 48 கிலோஹெர்ட்ஸில் இருக்கட்டும்.

கைபேசியைக் கையில் பிடிக்காமல் சுவர் மேலோ முக்காலியிலோ வையுங்கள். கை அசைவு, துணி உரசல் எல்லாம் பறவையின் குரலைவிடப் பெரிதாகப் பதிவாகும். காற்று அடித்தால் மைக்கின் மேல் ஒரு துண்டு மெல்லிய ஸ்பாஞ்ச் போதும். விமானப் பயன்முறையில் போட்டு, தேதி, நேரம், இடம், வானிலை ஆகியவற்றைத் தொடக்கத்தில் வாயால் சொல்லிவிட்டு ஐந்து நிமிடமாவது அசையாமல் இருங்கள். பறவைகளுக்கு விடியலை ஒட்டிய இரண்டு மணி நேரம் நல்லது, காற்றும் அப்போது அடங்கியிருக்கும். தவளைக்கு முதல் பெருமழை பெய்த இரவு.

பதிவை எண்களாக மாற்றுவது எப்படி?

ஆடாசிட்டி இலவச மென்பொருள், இந்த வேலைக்குப் போதும். பதிவைத் திறந்து நன்றாகப் பெரிதாக்கி, ஒவ்வோர் ஒலியின் தொடக்கத்திலும் சொடுக்கி, கன்ட்ரோலையும் ‘பி’ விசையையும் சேர்த்து அழுத்தினால் அந்த இடத்தில் ஒரு குறி விழும். எல்லாக் குறிகளின் நேரத்தையும் எழுத்துக் கோப்பாக எடுத்துக்கொள்ளலாம். அடுத்தடுத்த நேரங்களைக் கழித்தால் இடைவெளிகள் கிடைக்கும். சிறு பறவைகளின் குரல் மிக வேகமாக இருந்தால் பாதி அல்லது கால் வேகத்துக்குக் குறைத்து அளங்கள். அப்போது சுருதியும் சேர்ந்து இறங்கும் முறையையே தேர்ந்தெடுங்கள். சுருதியை அப்படியே வைத்து நீட்டும் முறை ஒலியின் தொடக்கத்தை மழுக்கிவிடும்.

இப்போது முக்கியமான படி. ஒரு கூவலில் 0.28, 0.42, 0.29, 0.71 விநாடி என்று இடைவெளிகள் வந்தன என்று வைத்துக்கொள்வோம். இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு சிறு அளவைத் தேட வேண்டும். 0.14 வைத்துப் பார்த்தால் 2, 3, 2, 5 என்று வருகிறது. அதிகபட்சப் பிசகு 0.01 விநாடிதான். கூட்டினால் 12 மாத்திரை, ரூபகத்தில் ஓர் ஆவர்த்தனம். சொல்லாக்கினால் தக – தகிட – தக – தகதகிட. ஒரு மாத்திரை 0.14 என்றால் ஓர் அட்சரம் 0.56 விநாடி, நிமிடத்துக்கு 107 அட்சரம். பறவையின் வேகத்திலேயே வாசிக்கலாம், வேண்டுமானால் விளம்பத்துக்கு (மெதுவான காலத்துக்கு) இறக்கலாம்.

பலர் மிகச் சிறிய இடைவெளியை அப்படியே ஒரு மாத்திரை என்று எடுத்துக்கொள்கிறார்கள். அளவுப் பிசகு விகிதத்தில் மிகப் பெரிதாக விழுவது அந்தச் சிறிய இடைவெளியில்தான். அதை அடிப்படையாக்கினால் மற்ற எண்கள் எல்லாம் கோணும். 0.10 முதல் 0.20 வரை பல அளவுகளை வைத்துப் பார்த்து, எதில் மொத்தப் பிசகு குறைவோ அதைக் கொள்ளுங்கள். ஒரே கூவலை நம்பாமல் பத்துப் பன்னிரண்டு கூவல்களை அளந்து, நடு மதிப்பை எடுங்கள்.

எண் கிடைத்தது, ஆனால் தாளத்துக்குள் அடங்கவில்லை. என்ன செய்வது?

மேலே கிடைத்த 12 மாத்திரையை ஆதியில் கொண்டுவருவதைப் பார்ப்போம். மூன்று முறை சொன்னால் 36, ஓர் ஆவர்த்தனத்தைவிட 4 கூடுதல். ஆகவே இரண்டு ஆவர்த்தனம், 64 மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள். 64-இல் 36 போக 28 மிச்சம், அதாவது 7 அட்சரம். முதல் ஆவர்த்தனத்தின் 8-ஆவது அட்சரத்தில் தொடங்கினால் மூன்றாவது முறை முடிந்து சமத்தில் சரியாக இறங்கும். நடுவில் மூச்சு வேண்டுமென்றால் இரண்டு இடத்திலும் 2 மாத்திரைக் கார்வை (அடி விழாத இடைவெளி) வையுங்கள். மொத்தம் 40. மிச்சம் 24, அதாவது 6 அட்சரம். 7-ஆவது அட்சரத்தில், இரண்டாவது திருதத்தின் (ஆதியின் கடைசி இரண்டு அட்சரத்தின்) தட்டில் தொடங்கினால் போதும்.

13, 11 போன்ற எண்கள் வந்தால் பறவை பாடியதை வெட்டிச் சரிக்கட்டாதீர்கள். இரண்டு 13 சேர்ந்தால் 26, மிச்சம் 6 மாத்திரைக் கார்வை, ஆதி நிறைந்துவிடும். இடைவெளியில் கை வைப்பதைவிட மௌனத்தைக் கூட்டுவதே எப்போதும் மேல்.

வேகமெடுத்து முடியும் ஒலிகளை எப்படி எழுதுவது?

இரவில் பக்கி என்ற பறவை கத்துவதைக் கேளுங்கள். ‘சக் சக் சக்’ என்று தொடங்கி, கடினமான தரையில் விழுந்த பந்து துள்ளித் துள்ளி அடங்குவது போல நெருங்கிப்போய் முடியும். இந்த உவமையிலேயே கணக்கும் இருக்கிறது. துள்ளும் பந்தில் ஒவ்வோர் இடைவெளியும் முந்தையதில் ஒரே விகிதம்: ஐந்தில் நான்கு பங்கு, அதில் ஐந்தில் நான்கு பங்கு, இப்படி. பெருக்கிக் குறைகிறது, கழித்துக் குறைவதில்லை.

நம் கோபுச்ச யதியை (பசுவின் வால் போல வரவரக் குறுகும் அமைப்பை) பெரும்பாலும் கழித்துத்தான் அமைக்கிறோம்: 9, 7, 5, 3. மொத்தம் 24. சமத்திலிருந்து இரண்டு அட்சரம் தள்ளித் தொடங்கினால் ஆதியில் நிறையும். அழகானது, ஆனால் பந்து துள்ளும் உணர்வு அதில் வராது. கடைசியில் திடீரென்று சரிவது போல இருக்கும், ஏனென்றால் 5-இலிருந்து 3-க்குப் போவது பாதிக்கு அருகான குறைவு. துள்ளல் வேண்டுமென்றால் 8, 6, 5, 4, 3 என்று எழுதுங்கள். மொத்தம் 26, மிச்சம் 6, அதாவது சமத்திலிருந்து ஒன்றரை அட்சரம் தள்ளித் தொடக்கம். தகதிமிதகஜணு – தகதிமிதக – தகதகிட – தகதிமி – தகிட. முதலில் ஒவ்வொரு தொகுதியின் தொடக்க அடியை மட்டும் வாசித்து, மற்றதைக் கார்வையாக விடுங்கள். எல்லா மாத்திரையையும் நிரப்பினால் முடுக்கம் மறைந்து ஒரே சீரான ஓட்டமாகக் கேட்கும். இது அடிக்கடி நடக்கும் தவறு. தலைகீழாக 3, 4, 5, 6, 8 என்று போனால் ஸ்ரோதோவாக யதி, ஓடை விரிந்து ஆறாவது போல.

கோபுச்சத்தையும் துள்ளலையும் ஒரே ஆதியில் மாற்றி மாற்றி வாசித்துப் பாருங்கள். காது உடனே வித்தியாசம் சொல்லும்.

மரங்கொத்தி?

மரத்தில் முரசு கொட்டும்போது விநாடிக்குப் பத்து அடிக்கு மேல் போகும். ஒவ்வோர் அடியையும் எழுத முயல வேண்டாம். அது உருட்டு. உருட்டு எவ்வளவு நீளம், அடுத்த உருட்டுக்கு எவ்வளவு இடைவெளி, இவ்விரண்டை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

குயிலையும் அக்காக்குயிலையும் பயன்படுத்தலாமா?

குயிலில் கிடைப்பது சுருதி ஏற்றம், நடை அதிகம் கிடைக்காது. அக்காக்குயில் வேறு மாதிரி: மூன்று அசைக் கூவல், ஐந்தாறு முறை, ஒவ்வொரு முறையும் சுருதியும் உரமும் (ஒலியின் வலிவும்) ஏறி, உச்சத்தில் சட்டென்று நின்றுவிடும். தீர்மானம் வரும் என்று காது காத்திருக்கும் இடத்தில் மௌனம். இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறிக்கொண்டே போய், சமத்துக்கு ஓர் அட்சரம் முன்பே நிறுத்தி, சமத்தை வெறுமனே தாளம் போடும் கைக்கு விட்டுவிடுங்கள்.

மழையைத் தாளமாக்க முயன்றேன், சரியாக வரவில்லை. ஏன்?

மழைத்துளிகள் ஒன்றை ஒன்று பார்த்து விழுவதில்லை. ஆகவே அதில் காலப்பிரமாணமே இல்லை. ஆனால் நாம் ‘ஒழுங்கில்லாமல்’ வாசிக்க முயலும்போது அடிகளை ஏறக்குறையச் சமமாகப் பரப்பிவிடுகிறோம். உண்மையான மழையில் மூன்று நான்கு துளி ஒன்றாகக் கொட்டும், பிறகு எதிர்பாராத நீண்ட இடைவெளி வரும். கை இதைத் தானாகச் செய்யாது. தாயக்கட்டை செய்யும்.

ஆதியின் 32 மாத்திரைக்கும் 32 கட்டம் வரையுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆறு முகப் பகடையை ஒருமுறை உருட்டுங்கள். 1 விழுந்தால் அடி, மற்றதெல்லாம் மௌனம். சராசரியாக ஐந்து அடி வரும், இது தூறல். 1, 2 இரண்டையும் அடியாகக் கொண்டால் பத்துப் பதினொன்று. ஒற்றைப்படை எல்லாமே அடி என்றால் 16, கனமழை. தூறலில் தொடங்கிக் கனமழைக்குப் போய் மறுபடி தூறலுக்கு வர எட்டு ஆவர்த்தனம் எழுதிக்கொண்டால் ஒரு முழுப் பகுதி தயார். கிடைத்ததை அழகுபடுத்தத் தொடாதீர்கள். மூன்று அடி ஒட்டிக்கொண்டு வருவதும் ஏழு மாத்திரை காலியாகக் கிடப்பதும்தான் மழை. வாசிப்பவர் தாளத்தைக் கையில் விடாமல் போட வேண்டும், இல்லாவிட்டால் கேட்பவருக்கு வெறும் தடுமாற்றமாகவே இருக்கும்.

மழை நின்ற பிறகு கூரை சொட்டுவது?

மழையைவிட இதுவே இசைக்கு அதிகம் உதவும் என்பது எங்கள் உறுதியான கருத்து. தாழ்வாரத்தின் ஒவ்வோர் ஓட்டு முனையும் தன் சொந்த இடைவெளியில் சொட்டும். ஒன்று வேகமாக, ஒன்று மெதுவாக. கீழே வாளி, கல், தகரம், மண் என்று விழும் இடத்துக்கேற்ப ஒலியும் மாறும். நீர் குறையக் குறைய எல்லாமே மெதுவாகும்.

மூன்று சொட்டை 3, 4, 5 மாத்திரை என்று வைத்து ரூபகத்தில் பயிலுங்கள். 4 என்பது அட்சரம், அதைக் காலில் தட்டுங்கள். 3-ஐக் கையில் போடுங்கள், ஆவர்த்தனத்துக்கு நான்கு அடி. இவ்விரண்டும் ஒவ்வொரு சமத்திலும் கூடும். 5 வாயில், ‘தா’ என்று. அது சமத்தைவிட்டு அலையும்: முதல் ஆவர்த்தனத்தில் 1, 6, 11-ஆவது மாத்திரைகளில், இரண்டாவதில் 4, 9, மூன்றாவதில் 2, 7, 12, நான்காவதில் 5, 10, ஐந்தாவதில் 3, 8. ஆறாவது ஆவர்த்தனத்தின் சமத்தில் மூன்றும் ஒன்றாக விழும், 60 மாத்திரை முடிந்திருக்கும். சிக்கல் வருவது மூன்றாவது ஆவர்த்தனத்தில். ‘தா’ சமத்தை ஒட்டி 2-இல் விழுவதால் வாய் அதைச் சமத்துக்கே இழுக்கும். ஒரு வாரம் 4-ஐயும் 5-ஐயும் மட்டும் செய்துவிட்டுக் கையைச் சேர்த்தால் இது சரியாகும்.

குழாயிலும் ஒரு அதிசயம் உண்டு. மெதுவாகச் சொட்டும்போது இடைவெளி சீராக இருக்கும். திருகை மிக மெல்லத் திறந்துகொண்டே போனால் ஒரு கட்டத்தில் நீண்டது, குறுகியது, நீண்டது, குறுகியது என்று ஜோடியாக மாறும். இன்னும் திறந்தால் ஒழுங்கு முற்றிலும் குலையும். அந்த ஜோடி நிலையைப் பதிவு செய்து அளந்து பாருங்கள். கீழே தட்டு வைத்தால் தெளிவாகக் கேட்கும், வாளி நிறைந்தால் ஒலி மாறிவிடும்.

அருவிக்கும் கடலுக்கும் என்ன செய்யலாம்?

அருவியில் தனி அடி கிடையாது, அடர்த்திதான் உண்டு. அகநானூறு 82-ஆம் பாட்டில் கபிலர் மூங்கில் துளையில் புகும் காற்றைக் குழலுக்கும், வண்டொலியை யாழுக்கும், அருவியின் ஒலியை முழவுக் கூட்டத்துக்கும் இணை வைக்கிறார். தேர்ந்த காது. பலர் ஒன்றாக வாசிக்கும் தொடர் உருட்டாகவே அருவியை அமைக்க முடியும். ஒருவர் மட்டும் வாசித்தால் வெறும் வேகமாகத்தான் தெரியும்.

கடலலை ஒரு சொல்லுக்கு ஏற்றதல்ல, ஆவர்த்தனத்துக்கு ஏற்றது. கரையில் நின்று அலை உடையும் கணங்களை மட்டும் எண்ணுங்கள். 10 விநாடிக்கு ஓர் அலை என்றால் நிமிடத்துக்கு 48 அட்சரம் வைத்து ஆதி போட்டால் ஓர் அலைக்கு ஓர் ஆவர்த்தனம். அலை ஏறுவது, உடைவது, நுரை பின்வாங்குவது மூன்றும் சம நீளமல்ல. உடைவது மிகச் சுருக்கம், பின்வாங்கல் மிக நீளம். உடையும் அடியைச் சமத்தில் வைத்து, அதற்கு முன் இரண்டு மூன்று அட்சரத்தில் உரத்தை ஏற்றி, பிறகு மீதியைத் தேயவிடுங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வந்து ஓய்வதையும் கவனித்தால் பத்துப் பதினைந்து ஆவர்த்தனத்துக்கான வடிவம் கிடைக்கும்.

தவளை, சுவர்க்கோழி?

தவளைகளிடம் கற்க வேண்டியது பங்கிட்டு வாசிப்பது. பல இனங்களில் பக்கத்துத் தவளையின் குரலோடு மோதாதபடி ஒன்றன் இடைவெளியில் மற்றது கத்தும். ஜப்பானிய மரத்தவளைகளை ஆய்ந்தபோது இரண்டு தவளைகள் சரியாக எதிர்மாறாகவும், மூன்று தவளைகள் சுற்றை மூன்றாகப் பங்கிட்டும் கத்துவது தெரிந்தது. வகுப்பில் செய்ய எளிது: மூன்று பேர், ஆளுக்கு ஒரு சொல், ஒரே விதி. அடுத்தவர் சொன்ன உடனே சொல்லக் கூடாது, சற்று விட்டுத்தான் சொல்ல வேண்டும். யாரும் தாளம் போட வேண்டாம். சில நிமிடத்தில் தானாக ஒரு சுற்று உருவாகும். அது பெரும்பாலும் திஸ்ரத்தில், அதாவது மும்மூன்றாக எண்ணும் நடையில், போய் நிற்கும்.

சுவர்க்கோழியின் வேகம் வெப்பத்தைப் பொறுத்தது. 1897-இல் அமெரிக்கரான டால்பேர் இதைச் சூத்திரமாகவே எழுதினார். அங்குள்ள ஒரு மரப்பூச்சி வகைக்கு 8 விநாடியில் எத்தனை முறை ஒலிக்கிறது என்று எண்ணி 5 கூட்டினால் செல்சியஸ் வெப்பம் ஏறக்குறையக் கிடைக்கும். நம்மூர்ப் பூச்சிக்கு அந்த எண் பொருந்தாது, ஆனால் சூடு ஏறினால் வேகம் ஏறும் என்பது பொருந்தும். ஆகவே முன்னிரவில் பதிந்ததையும் விடியற்காலையில் பதிந்ததையும் ஒட்டிச் சேர்க்காதீர்கள், காலப்பிரமாணம் வேறாக இருக்கும்.

நம் உடம்பும் இயற்கைதானே?

ஆம், அதிலும் இதயம் மிக நுட்பமானது. ‘லப்–டப்’ என்பதைச் சம இடைவெளியாக எழுதுவது தவறு. நிமிடத்துக்கு 75 துடிப்பில் ஒரு சுற்று 0.8 விநாடி. லப்பிலிருந்து டப்புக்குச் சுமார் 0.3, டப்பிலிருந்து அடுத்த லப்புக்குச் சுமார் 0.5. அதாவது 3-க்கு 5, தகிட – தகதகிட, மொத்தம் 8 மாத்திரை. ஆதியில் நான்கு முறை அழகாக அடங்கும். ஓடிவிட்டு வந்து கேட்டால் இரண்டாவது இடைவெளி அதிகம் சுருங்கி இரண்டும் கிட்டத்தட்டச் சமமாகும். மணிக்கட்டு நாடியில் இதைப் பிடிக்க முடியாது, அங்கே ஒரு துடிப்புதான். ஸ்டெதஸ்கோப் வேண்டும், அல்லது ஒருவர் மார்பில் காது வைத்துக் கேட்க வேண்டும்.

குதிரை நடை?

சாதாரண நடையில் நான்கு குளம்படி. துள்ளுநடையில் எதிர்மூலைக் கால்கள் சேர்ந்து விழுவதால் இரண்டு. மெல்லோட்டத்தில் மூன்று அடி, பிறகு நான்கு காலும் தரையில் படாத ஒரு கணம். பாய்ச்சலில் நான்கு அடி, பிறகு அந்தரம். மெல்லோட்டத்தைத் தகிட என்று விடாமல் சொன்னால் குதிரை தெரியாது. தகிட, ஒரு மாத்திரைக் கார்வை என்று சொன்னால் தெரியும். அந்தரத்தில் இருக்கும் கணம்தான் ஓட்டம்.

பழைய நூல்களில் இப்படி ஏதாவது உண்டா?

நிறைய. தொல்காப்பியம் மாத்திரைக்குக் கண்ணிமையையும் விரல் நொடியையும் அளவாகச் சொல்கிறது. பாணினீய சிக்ஷையில் பனங்காடையின் குரல் ஒரு மாத்திரை, காகம் இரண்டு, மயில் மூன்று, கீரி அரை. 13-ஆம் நூற்றாண்டில் சாரங்கதேவர் எழுதிய சங்கீத ரத்னாகரத்தின் தேசி தாளங்களில் கஜலீலா, ஹம்ஸலீலா, சிம்மவிக்ரமம் என்ற பெயர்கள் உண்டு. பெயர் யானை என்பதால் அளவும் யானை நடையிலிருந்து வந்தது என்று முடிவுகட்டக் கூடாது. யதிப் பெயர்கள் அப்படியல்ல, பசுவின் வாலும் ஆற்றோட்டமும் வடிவத்தையே சொல்கின்றன.

பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெசியான் இதே தேசி தாளப் பட்டியலைப் படித்துத் தன் இசையில் பயன்படுத்தியவர். 1956 முதல் 1958 வரை பறவைக் குரல்களை வைத்தே பியானோவுக்கு ஒரு பெரும் தொகுப்பு எழுதினார். பறவையின் வேகத்தைக் குறைத்து, சுருதியை இறக்கி, இடைவெளிகளின் விகிதத்தைக் காப்பாற்றினார். மேலே சொன்ன வழியும் அதுதான்.

கணக்கு சரியாக இருக்கிறது, வாசித்தால் உயிர் இல்லை. எங்கே தவறு?

மூன்று இடத்தில் பாருங்கள். முதலாவது மௌனம். பறவை கூவும் நேரத்தைவிடச் சும்மா இருக்கும் நேரம் அதிகம். பதிவை வெட்டும்போது அதைத் தூக்கி எறிந்திருப்பீர்கள். அடுத்தது உரம். எல்லா அடியும் ஒரே பலத்தில் விழுந்தால் எண்கள் மட்டுமே கேட்கும். அளக்கும்போதே எந்த ஒலி பெரியது என்று குறித்துக்கொள்ளுங்கள், அது மீட்டில் விழ வேண்டும், மற்றவை சாப்பில் மெலிதாக (இரண்டும் மிருதங்க அடி வகைகள்). கடைசியாக, ஒரே உருப்படியில் நாலைந்து பறவைகளைத் திணித்திருக்கலாம். ஒரு தனி ஆவர்த்தனத்துக்கு (தாள வாத்தியம் மட்டும் வாசிக்கும் பகுதிக்கு) ஒரு மூலம் போதும், அதையே திஸ்ரத்திலும் கண்டத்திலும் (ஐந்தைந்தாக எண்ணும் நடை) திருப்பிப் பாருங்கள்.

வேடந்தாங்கல் போன்ற சரணாலயங்களுக்குப் போனால் என்ன கிடைக்கும்?

அங்கே குரலைவிட அலகுதான் வாத்தியம். மஞ்சள் மூக்கு நாரையும் நத்தைகுத்தி நாரையும் அதிகம் குரல் கொடுக்காது, கூட்டில் அலகுகளைத் தட்டி ஒலி எழுப்பும். மரத்தால் செய்த கட்டை அடிப்பது போன்ற அந்த ஒலி பதிவில் மிகத் தெளிவாக விழும், அளக்கவும் எளிது. நவம்பரிலிருந்து மார்ச் வரை நல்ல காலம்.

பதிந்த குரலை அங்கேயே ஒலிபரப்பிப் பறவையை வரவழைக்கலாமா? மற்றவர் பதிவுகளை எடுத்துக்கொள்ளலாமா?

ஒலிபரப்பாதீர்கள். போட்டிப் பறவை வந்துவிட்டது என்று எண்ணிக் கூட்டையும் இரை தேடுவதையும் விட்டுவிட்டு அது விரட்ட வரும். இனப்பெருக்கக் காலத்தில் இது குஞ்சுகளைப் பாதிக்கும். அவ்வாறு தூண்டப்பட்ட குரலின் இடைவெளியும் இயல்பானது அல்ல, உங்கள் அளவும் கெடும். காப்புக்காட்டுக்குள் போவதற்கு வனத்துறை அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜீனோ-கான்டோ தளத்தில் உலகெங்கும் பதிந்த பறவைக் குரல்கள் கிடைக்கும். பயிலவும் அளக்கவும் அவை போதும். அந்த ஒலியையே உங்கள் பாட்டில் சேர்ப்பதானால் ஒவ்வொரு பதிவின் உரிமத்தையும் தனியே படியுங்கள், பலவற்றை வணிகத்துக்குப் பயன்படுத்த அனுமதி இல்லை. நீங்களே அளந்து எழுதிய 2, 3, 2, 5-ஐ வாசிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.